பாம்பு அளவெடுப்பதில்லை

வளர்ப்புப் பாம்புகளைப் பற்றி உலகில் அதிகம் சொல்லப்படும் கதையில் ஒரு பெண் மலைப்பாம்பு வளர்க்கிறாள். சில வாரங்களாக அது இரை எடுக்கவில்லை. இரவானால் கட்டிலில் ஏறி, அவள் பக்கத்தில் தலையிலிருந்து வால்வரை நீட்டிப் படுத்துக்கொள்கிறது. உடம்புக்கு ஏதோ என்று கவலைப்பட்டு அவள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகிறாள். விழுங்குவதற்காகப் பாம்பு அவளை அளவெடுக்கிறது, அதற்காகவே வயிற்றைக் காலியாக வைத்திருக்கிறது என்கிறார் மருத்துவர். இந்தக் கதை பல நாடுகளில், பல மொழிகளில், ஊரும் பேரும் மாறி மாறி உலவுகிறது. எந்த ஊர், எந்த மருத்துவர் என்று இதுவரை யாரும் காட்டியதில்லை.

மலைப்பாம்பு பதுங்கியிருந்து தாக்கும் இனம். ஒரே இடத்தில் சுருண்டு கிடக்கும். இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் பாய்ந்து கவ்வி, அதே வேகத்தில் சுற்றிக்கொள்ளும். பக்கத்தில் படுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் அவகாசத்தை எந்த இரையும் அதற்குத் தராது. தவிர, விழுங்குவதற்குத் தடையாக இருப்பது இரையின் பருமன்தான், நீளம் அல்ல. மிக அகன்ற பகுதி வாய்க்குள் நுழையுமா என்பதே கேள்வி. வளர்ந்த மனிதனின் தோள் அகலம் மிகப் பெரிய மலைப்பாம்புகளுக்கே சிரமமானது. பட்டினி கிடப்பதற்கும் சாதாரணக் காரணங்கள் உண்டு. சட்டை உரிக்கும் முன்பும், குளிர்காலத்திலும், இனப்பெருக்கப் பருவத்திலும், கூண்டில் போதிய சூடு இல்லாதபோதும் பாம்புகள் இரையைத் தொடுவதில்லை. சில இனங்கள் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருந்துவிட்டுப் பிறகு இயல்பாக இரை எடுக்கும். மனித உடம்பை ஒட்டி ஒரு பாம்பு படுத்தால், அது தேடி வந்தது சூட்டைத்தான்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாம்பு வளர்ப்பவர்களிடம் பெரும்பாலும் இருப்பவை இரண்டு இனங்கள். ஒன்று, அமெரிக்காவின் தென்கிழக்கைச் சேர்ந்த கார்ன் ஸ்நேக் எனும் சோளப்பாம்பு. ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம், மெல்லிய உடல், எலிதான் உணவு, நஞ்சு கிடையாது. மற்றொன்று, மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பால் பைத்தான். மலைப்பாம்புக் குடும்பத்தில் மிகச் சிறியவற்றில் ஒன்று. வளர்ந்த பாம்பே மூன்று முதல் ஐந்தடிதான் இருக்கும். பயந்தால் இது கடிக்க வருவதில்லை. தலையை நடுவில் மறைத்து உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். பெயரே அதனால் வந்தது. ‘மலைப்பாம்பு வளர்க்கிறார்கள்’ என்ற செய்தியைப் படிப்பவர் மனதில் ஆட்டை விழுங்கும் பாம்பு எழுகிறது. அந்த வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இருப்பது பெரும்பாலும் இந்தச் சிறிய, கூச்சம் மிகுந்த உயிர்.

பாம்பின் உடல் வழவழவென்று பிசுபிசுக்கும் என்பது தொட்டுப் பார்க்காதவர்களின் நம்பிக்கை. நம் நகத்துக்கும் முடிக்கும் ஆதாரமான கெரட்டின்தான் பாம்பின் செதிலுக்கும் ஆதாரம்; தொட்டால் உலர்ந்தும் மிருதுவாகவும் இருக்கும். நாக்கால் கொட்டும் என்பதும் அப்படித்தான். பிளவுபட்ட நாக்கு காற்றிலுள்ள வாசனைத் துகள்களைத் தொட்டு, மேலண்ணத்தில் உள்ள நுகர் உறுப்பிடம் சேர்க்கிறது. விழுங்கும்போது தாடை கழன்றுகொள்ளும் என்பதும் தவறு. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் நம்முடையதைப்போல ஒன்றாக ஒட்டியிருக்கவில்லை; இழுபடும் தசைநாரால் இணைந்திருக்கின்றன. அதனால் இரண்டும் தனித்தனியாக விரிகின்றன. கழலவும் இல்லை, திரும்ப மாட்டவும் இல்லை.

சுற்றி இறுக்கி மூச்சுத் திணறவைத்துக் கொல்லும் என்பது பாடப்புத்தகங்களிலும் நெடுங்காலம் இருந்த விளக்கம். அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரியைச் சேர்ந்த ஸ்காட் போபாக் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் திருத்தியது. மயக்கமருந்து கொடுத்த எலிகளின் ரத்தக்குழாய்களில் அளவீட்டுக் கருவிகளைப் பொருத்தி, போவா பாம்புகளை இறுக்கவிட்டு அவர்கள் பார்த்தார்கள். சில நொடிகளிலேயே தமனி அழுத்தம் பாதியாகச் சரிந்தது. மூச்சு முட்டுவதற்கு வெகு முன்பே ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. பெரிய பாம்பு வளர்ப்பவர்களுக்கு இது முக்கியமான செய்தி, ஏனென்றால் ஆபத்து நேர்ந்தால் உதவிக்குக் கிடைக்கும் நேரம் நினைத்ததைவிடக் குறைவு. எட்டடிக்கு மேற்பட்ட பாம்பைத் தனியாளாகக் கையாளக் கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் வைத்திருக்கும் விதி நியாயமானது.

வளர்ப்புப் பாம்புகளால் உயிர் போனது உண்டு. அதை மறைத்துப் பேசுவது பாம்புக்கும் நல்லதல்ல. 2009-இல் ஃபுளோரிடாவில், சரியான மூடியில்லாத தொட்டியிலிருந்து வெளியேறிய பர்மிய மலைப்பாம்பு இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றது. அதற்கு ஒழுங்காக இரை கொடுக்கப்பட்டிருக்கவில்லை. 2013-இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், அடைப்பிலிருந்து தப்பிக் காற்றுப்போக்கி வழியே நுழைந்த ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு, உறங்கிக்கொண்டிருந்த இரு சிறுவர்களைக் கொன்றது. 2017-இல் இங்கிலாந்தில் அதே இனப் பாம்பால் அதை வளர்த்தவரே இறந்தார். மூன்றிலும் பெரிய உடல்கொண்ட இனங்கள். முதல் இரண்டிலும் பூட்டாத அல்லது பலவீனமான அடைப்பு. சோளப்பாம்பையும் பால் பைத்தானையும் இந்த வரிசையில் வைக்க முடியாது. அமெரிக்காவில் வளர்ப்பு மலைப்பாம்புகளால் நேரும் இறப்பு, சராசரியாக ஆண்டுக்கு ஒன்றுகூட இல்லை. அதே நாட்டில் நாய்களால் ஆண்டுதோறும் முப்பது பேருக்கு மேல் இறக்கிறார்கள். நாய்களின் எண்ணிக்கை பல மடங்கு அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன பிறகும், பக்கத்து வீட்டுக் கூண்டில் மூன்றடிப் பாம்பு இருப்பதற்காகத் தெருவே தூக்கமிழக்கக் காரணமில்லை.

பாம்பு பழிவாங்கும், அடித்தவனின் முகத்தை நினைவில் வைத்துத் தேடி வரும் என்ற நம்பிக்கையைத் தமிழ்ச் சினிமா நன்றாகவே வளர்த்திருக்கிறது. கதையும் பகையும் பின்னும் மூளை பாம்புக்கு இல்லை. அதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் உண்டு; அதைச் செய்பவர்கள் பாம்பை நேசிப்பவர்கள். என் பாம்பு என்னிடம் பாசமாக இருக்கிறது, தோளில் ஏறிக் கட்டிக்கொள்கிறது என்கிறார்கள். பழகிய வாசனையால் ஆபத்தில்லை என்று அது கற்றுக்கொள்ளும். மனித உடம்பின் சூடு அதற்கு இதமாக இருக்கும். நாய் காட்டும் பாசத்துக்கு ஈடாக அதில் எதையும் தேடக் கூடாது. பகையும் பாசமும் மனிதர் ஏற்றிச் சொல்பவை. எலி வாசனை ஒட்டிய கையை இரையென்று நினைத்துக் கடிப்பதுதான் வளர்ப்புப் பாம்புக் கடிகளில் வழக்கமானது. நஞ்சில்லாத பாம்பின் அந்தக் கடி சிறு கீறல்களோடு முடிந்துவிடும்.

அஞ்ச வேண்டியதை அஞ்சாமல் விடுவதும் நடக்கிறது. பாம்பு உள்ளிட்ட ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும். பாம்பைப் பார்த்தால் நோய் தெரியாது. உணவாகக் கொடுக்கும் உறைந்த எலிகளிலும் அது இருக்கும், உறையவைப்பதால் சாவதில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் இருக்கும் வீடுகளில் ஊர்வன வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். பாம்பைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், சமையலறைத் தொட்டியில் அதன் பாத்திரத்தைக் கழுவாமல் இருப்பதும் எளிய காரியங்கள். மலைப்பாம்பு வளர்க்கும் வீட்டுக் குழந்தைக்கு, அது சுற்றிக்கொள்வதைவிட இந்தக் கிருமிதான் உண்மையான அபாயம்.

நஞ்சுள்ள அயல்நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது வேறு விஷயம். அங்கே பயம் மிகையல்ல. 2021 ஜூனில் அமெரிக்காவின் ராலி நகரில், வீடொன்றிலிருந்து தப்பிய வரிக்குதிரை நாகம் பல மாதங்கள் வெளியே திரிந்தது தெரியவந்தது. அதை வளர்த்தவரை அதற்குச் சில மாதங்கள் முன்பு அவருடைய இன்னொரு பாம்பான பச்சை மாம்பா கடித்து, மிருகக்காட்சிசாலை ஒன்றிலிருந்து வந்த நஞ்சுமுறிவு மருந்துதான் காப்பாற்றியது. இந்தியாவில் அப்படி மருந்து கிடைப்பது இன்னும் கடினம். இங்கே கிடைக்கும் நஞ்சுமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சுக்காகத் தயாரிக்கப்படுவது. அதற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு, மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியிலுள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. கடத்திவந்த ஆப்பிரிக்கப் பாம்பு கடித்தால் எந்த அரசு மருத்துவமனையிலும் அதற்கு மருந்து இராது.

தப்பிய பாம்பு ஊரையே ஆக்கிரமிக்கும் என்ற பயத்துக்கு ஃபுளோரிடாதான் எல்லோரும் காட்டும் சான்று. வளர்க்க முடியாமல் விட்டவையும் தப்பியவையுமான பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகின; 1992-இன் ஆண்ட்ரூ புயலில் இடிந்த ஒரு வளர்ப்புக் கூடமும் காரணமாகச் சொல்லப்படுகிறது. விளைவு பயங்கரமானது. 2012-இல் வெளியான ஆய்வின்படி, பாம்புகள் நெடுங்காலமாக இருந்த பகுதிகளில் கண்ணில்படும் ரக்கூன்கள் 99.3 விழுக்காடும் ஒப்பாசம்கள் 98.9 விழுக்காடும் குறைந்திருந்தன. அதே ஆண்டு அமெரிக்க மத்திய அரசு பர்மிய மலைப்பாம்பு உள்ளிட்ட நான்கு இனங்களின் இறக்குமதியைத் தடைசெய்தது. இங்கே அழிந்தவை காட்டு விலங்குகள்தான். ஃபுளோரிடாவின் காட்டு மலைப்பாம்பால் ஒரு மனிதர்கூட இறந்ததாகப் பதிவில்லை. நாட்டின் மூன்றிலொரு பங்கு அந்தப் பாம்புக்கு ஏற்ற தட்பவெப்பம் கொண்டது என்று 2008-இல் வந்த வரைபடம் பெரும் பீதியைக் கிளப்பியது. ஆனால் 2010 ஜனவரிக் குளிரில் ஃபுளோரிடாவிலேயே ஏராளமான பாம்புகள் செத்தன. சோதனைக்காகத் தென் கரோலினாவில் திறந்தவெளி அடைப்பில் விடப்பட்ட பத்தும் பிழைக்கவில்லை.

அந்தப் பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017-இல் ஃபுளோரிடாவுக்குப் போனவர்கள் தமிழ்நாட்டு இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். கீ லார்கோவில் பழைய ஏவுகணைத் தளமொன்றில் பதுங்கியிருந்த பதினாறடிப் பெண் பாம்பும் அவற்றில் ஒன்று. தடம், எச்சம், உரித்த சட்டை, புல் மடங்கியிருக்கும் விதம் என்று அவர்கள் பார்த்துக்கொண்டே போனதைக் கருவிகளோடு வந்திருந்த ஆய்வாளர்கள் வியப்போடு கவனித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பாம்பைத் தெரிந்தவர்களிடம் பயம் எவ்வளவு துல்லியமாக இருக்கும் என்பதற்கு இவர்களே சான்று. எதற்கு விலக வேண்டும், எதைக் கையில் எடுக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும்.

பயம் பிறவியிலேயே வருவதா என்ற கேள்வியை உளவியலாளர்கள் குழந்தைகளிடமே சோதித்திருக்கிறார்கள். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளுக்குப் பாம்புப் படத்தைக் காட்டியபோது மீனைக் காட்டியபோது இருந்ததைவிடக் கண்மணி அதிகம் விரிந்தது. சட்டென்று கவனிக்கும் விழிப்பு உடம்போடு வருகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அலறலும் கொலைவெறியும் பெரியவர்களைப் பார்த்துக் கற்பவை. பெனின் நாட்டின் விதா நகரில் மலைப்பாம்புக் கோயில் ஒன்று இருக்கிறது. அங்குள்ளவை பால் பைத்தான்களே. இரவில் அவை ஊருக்குள் போய் வீடுகளில் நுழைந்தால், வீட்டார் மரியாதையோடு எடுத்துக் கோயிலில் விடுகிறார்கள். அதே இனம் ஒரு லண்டன் குடியிருப்பின் குளியலறையில் தென்பட்டால் காவல்துறைக்குத் தொலைபேசி போகிறது.

இந்தியாவில் பாம்புப் பயத்துக்கு வலுவான அடிப்படை உண்டு. பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் இறக்கிறார்கள் என்பது 2020-இல் வெளியான மதிப்பீடு. வயலில் வெறுங்காலோடு நடப்பவர்களிடமும், தரையில் படுத்துறங்குபவர்களிடமும் போய்ப் பாம்பு பாவம் என்று பாடம் நடத்துவது நியாயமல்ல. ஆனால் இந்த இறப்புகள் வளர்ப்புப் பாம்புகளால் நேர்பவை அல்ல. அந்தப் பயமே ஆபத்தில்லாத சாரையையும் தண்ணீர்ப்பாம்பையும் அடித்துக் கொல்கிறது. மண்ணுளிப் பாம்பு நக்கினால் குஷ்டம் வரும் என்பவர்களும், அதை வீட்டில் வைத்தால் பணம் கொட்டும் என்று லட்சங்கள் கொடுப்பவர்களும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். இரண்டு நம்பிக்கையாலும் செத்துப்போவது அந்தப் பாம்புதான். நாகபஞ்சமிக்குப் பல நாள் தண்ணீரில்லாமல் வைத்துப் பால் குடிக்கவைக்கப்படும் நல்லபாம்பின் கதியும் அதேதான். பாலைச் செரிக்கும் உடல் அதற்கு இல்லை.

உள்நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நஞ்சில்லாத சாரையும் மண்ணுளியும்கூட இதில் அடங்கும். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலுள்ள பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவுசெய்ய வேண்டும். இதற்குப் பிறகும் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கும் பெட்டிகளில், துணிப் பைக்குள் முடிச்சிட்ட பால் பைத்தான் குட்டிகளைச் சுங்க அதிகாரிகள் அடிக்கடி பிடிக்கிறார்கள். வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். நிறம் பிடித்து வாங்குபவர்கள் அதன் ஆயுளைக் கேட்டுக்கொள்வதில்லை. சரியாக வளர்த்தால் முப்பது ஆண்டு சாதாரணம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்கு 1961-இல் ஒரு தனியார் கொடுத்த பெண் பால் பைத்தான், 2020 ஜூலையில், அறுபது வயதைத் தாண்டி, ஆண் துணையின்றி ஏழு முட்டைகள் இட்டது.