வீட்டார் அறிந்த மனிதர்

குடும்பத் தலைவர் ஒருவர் மறைந்தால் அவர் படத்தைக் கூடத்தில் மாட்டி மாலை இடுகிறோம். ஆண்டுதோறும் திதி கொடுக்கிறோம். இவை முறையே. ஆயினும், "தாத்தா எப்படிப்பட்டவர்?" என்று பேரக்குழந்தை கேட்கும்போது படமும் மாலையும் விடை கூறமாட்டா. அவ்விடை பெரும்பாலும் ஒருவரிடமே இருக்கிறது. இன்பத்திலும் துன்பத்திலும் அவரோடு வாழ்ந்த மனைவியே அவர்.

மகாகவி பாரதியாரின் குடும்பம் இதற்கு நல்ல சான்று. 1897-இல் அவர் செல்லம்மாளை மணந்தபோது மணமகனுக்கு வயது 14, மணமகளுக்கு 7. அடுத்த ஆண்டே தந்தையை இழந்து, அத்தை வீட்டை நாடிக் காசிக்குச் சென்றார். நம்மைப் போலவே அவரும் வடநாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர். பின்னர் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்தார். வறுமை உடன் வாழ்ந்தது. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் அவர் கண்மூடியபோது 39 வயதுகூட நிறையவில்லை. இறுதிப் பயணத்தில் உடன் சென்றோர் மிகச் சிலரே.

அவருடைய பாடல்களை நாடு அறியும். வீட்டில் அவர் எவ்வாறு இருந்தார் என்பதை நாடு எவ்வாறு அறிந்தது? செல்லம்மாள் சொன்னதால் அறிந்தது. கணவர் மறைந்த மறு ஆண்டே 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் அவருடைய 'சுதேச கீதங்க'ளை வெளியிட்ட அம்மையார் அவர். பின்பு அவர் சொல்லச் சொல்ல மூத்த மகள் தங்கம்மாள் எழுதி, 1941-இல் 'பாரதியார் சரித்திரம்' வெளிவந்தது. 1951-இல் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்னும் தலைப்பில் பேசினார். 1955-இல் அம்மையாரும் மறைந்தார். இளைய மகள் சகுந்தலாவும் தந்தையைப் பற்றி நூல் எழுதினார்.

சமைக்க வைத்திருந்த அரிசியைப் பாரதியார் குருவிகளுக்கு இறைத்த செய்தியை யாவரும் அறிவோம். மேடையில் பேசுவோர் அதில் கவிஞரின் கருணையை மட்டும் காண்பர். அன்று உலை வைக்க வேண்டியவளின் கலக்கத்தை மனைவியே அறிவாள். செல்லம்மாள் தம் இல்லத்து வறுமையை மறைக்கவில்லை. அதனால் கணவர்மீது கொண்ட அன்பு குறையவும் இல்லை. மெய்யான நினைவு என்பது இதுவே.

ரயில்வே அலுவலகத்தில் பணிப்பதிவேடுகளோடு பழகுகிறவர் நாம். ஓர் ஊழியர் சேர்ந்த நாள், மாற்றலான ஊர்கள், எடுத்த விடுப்பு, பெற்ற ஊதிய உயர்வு, ஓய்வு பெற்ற நாள் ஆகிய யாவும் அதில் உண்டு. இரவுப் பணி முடிந்து வந்தவர், பள்ளிக்குச் செல்லும் மகளுக்குப் பின்னல் போட்டுவிட்ட பிறகே படுக்கச் சென்றார் என்பதை எழுத அதில் இடம் இல்லை. அதனை வீட்டார்தாம் எழுத வேண்டும்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் இக்கடமை அவசரமானது. தாயின் தமிழ் மகனுக்குப் புரிகிறது. பேரனுக்குப் பாதியே புரிகிறது. தாயும் மறைந்துவிட்டால் தந்தையை இரண்டாம் முறை இழந்தவர்கள் ஆவோம்.

ஆதலின் அன்பர்களே, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தாய் சொல்ல, மகனோ மகளோ எழுதட்டும். எழுத நேரமில்லையெனில் கைப்பேசியில் அவர் குரலையேனும் பதிவு செய்துகொள்ளுங்கள். ஊரை விட்டுப் புறப்பட்ட ஆண்டு எது, வந்து இறங்கியபோது கையில் இருந்த பணம் எவ்வளவு, முதற் சம்பளத்தில் யாருக்கு என்ன வாங்கினார், எதற்குச் சினந்தார், எதற்குக் கண்ணீர் விட்டார், எந்தக் கடனை வெளியே சொல்லாமல் அடைத்தார் என்று கேளுங்கள். தாய் மௌனமானால் வற்புறுத்தாதீர்கள். மற்றொரு நாள் தாமே சொல்லுவார்.

குறைகளையும் எழுதுங்கள். குறையே இல்லாதவராகக் காட்டினால் பேரன் அவரை வணங்குவான், அறிந்துகொள்ள மாட்டான். அடுத்த திதி வருவதற்குள் நான்கு பக்கங்களேனும் நிறையட்டும். அந்நாளில் படையலுக்குப் பின் குழந்தைகளை அமர்த்தி அதனைப் படித்துக் காட்டுங்கள். பொருள் விளங்காத இடத்தில் அவர்கள் கேட்பார்கள். அக்கேள்விக்கு விடை கூறத் தாய் அருகிலேயே இருப்பார்.