கூரை நீரும் குளத்து நீரும்

'உன் வீட்டுக் கூரையில் விழும் மழைநீரை நீ பிடித்து வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம்' என்று ஒருவர் நம்மிடம் சொன்னால், நகைத்துவிட்டு நம் வழியே போவோம். ஆனால் அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்தில் 2016ஆம் ஆண்டு வரை வீட்டுக்காரர்களில் பெரும்பாலோருக்கு அதுவே சட்டமாக இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் தாராளமாக அள்ளிக் கொடுத்துவிடவில்லை. ஒரு வீட்டுக்கு இரண்டு பீப்பாய். இரண்டிலுமாகச் சேர்த்து 110 காலன். நம் கணக்கில் ஏறத்தாழ 416 லிட்டர். அந்த நீரையும் தோட்டத்துக்கு ஊற்றலாமே தவிரக் குடிக்கலாகாது.

ஏன் இந்தக் கெடுபிடி? ஆற்று நீரை முதலில் எடுத்துப் பயன்படுத்தியவனுக்கே முதல் உரிமை என்பது அந்நாட்டு மேற்குப் பகுதியின் நீர்ச் சட்டம். மேட்டில் இருப்பவன் கூரை நீரைப் பிடித்துக்கொண்டால், கீழே தலைமுறை தலைமுறையாக உரிமை பெற்று வருபவனுக்கு ஆற்றில் நீர் குறையும் என்பது வாதம். இதைக் கேட்டு மற்றவர்கள் சிரிக்கலாம். தாமிரபரணிக் கரையில் பிறந்த நாம் சிரிப்பதற்குமுன் சற்று யோசிக்க வேண்டும். கோடைமேலழகியானில் தொடங்கி, 1873இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரை எட்டு அணைக்கட்டுகள் இந்த ஆற்றில் உள்ளன. மேலே உள்ளவன் எடுத்தது போக மீதிதான் கீழே வரும். கார் சாகுபடிக்குத் தண்ணீர் வருமா வராதா என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கடைமடைக்காரனுக்குக் கொலராடோ சட்டத்தின் நியாயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எனினும் அந்த அச்சம் அளவுக்கு மீறியது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். டென்வர் நகருக்கு அருகேயுள்ள டக்ளஸ் வட்டாரத்தில் நடந்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. அங்கே பெய்யும் மழையில் சராசரியாக நூற்றுக்கு மூன்று பங்குதான் ஓடையையோ நிலத்தடி நீரையோ அடைகிறது என்றது அந்த ஆய்வு. மீதியெல்லாம் ஆவியாகவும் செடிகொடிகளுக்கும் போய்விடுகிறது. ஆக, பீப்பாயில் பிடித்தவன் பிறர் பங்கைத் திருடவில்லை!

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் தொடக்கத்திலிருந்தே வேறு வழியில் சென்றது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. வரையறுத்த ஓடையாகவோ வாய்க்காலாகவோ ஓடாத நீரைத் தன் நிலத்தின் எல்லைக்குள் சேகரித்துக்கொள்ளும் உரிமை நிலத்துக்காரனுக்கு உண்டு என்று அச்சட்டமே எடுத்துக்காட்டுடன் சொல்கிறது. இந்த உரிமை 2003இல் கடமையாக மாறிற்று. அவ்வாண்டு ஜூலை மாதம் தமிழ்நாடு அரசு பிறப்பித்த அவசரச் சட்டம், எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயம் என்றது. செய்யாவிட்டால் உள்ளாட்சியே அமைத்துவிட்டுச் செலவைச் சொத்துவரி போல வசூலிக்கலாம். அமைக்கும்வரை குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம். கொலராடோவில் பிடித்தால் குற்றம், தமிழ்நாட்டில் பிடிக்காவிட்டால் குற்றம்!

நான் நம் சட்டத்தின் பக்கமே நிற்கிறேன். ஆனால் அது நடந்த விதத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. என் தகப்பனார் கொத்தனார். நான் பிறப்பதற்கு முன் அந்த 2003ஆம் ஆண்டில் அவர் தோண்டிய மழைநீர்க் குழிகளுக்குக் கணக்கில்லை. அந்த ஆவணி, புரட்டாசியில் கிடைத்ததைப் போல் தொடர்ந்து வேலை வேறெப்போதும் கிடைத்ததில்லை என்று இன்றும் சொல்வார். குழி ஆளுயரம் இருக்க வேண்டும், அடியில் செங்கல் ஜல்லி, அதன்மேல் சரளைக்கல், மேலே ஆற்று மணல், மணலை ஆண்டுக்கு ஒருமுறை அள்ளிக் கழுவிப் போட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் எல்லோரும் குழி கேட்கவில்லை. "பார்க்க வர்றவங்களுக்குக் குழாய் தெரிஞ்சாப் போதும்யா" என்றவர்களும் இருந்தார்கள். தட்டட்டியிலிருந்து (மொட்டை மாடிக்கு நம் ஊர் வழக்கு அதுதானே) ஒரு பி.வி.சி. குழாய் இறங்கும், தரையைத் தொட்டு நிற்கும், அதன் கீழே மண்ணைத் தவிர ஒன்றும் இருக்காது. ஒழுங்காகத் தோண்டிய குழிகளிலும் பலவற்றை, இருபது ஆண்டுகளில் யாரும் திறந்து பார்த்ததில்லை. கட்டினாயா என்று கேட்ட சட்டம், தூர் எடுத்தாயா என்று கேட்கவில்லை. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தபிறகும் புதுக் கட்டடத்துக்கு அனுமதி வாங்கும்போது எழும் கேள்வி, குடியேறியபின் எழுவதில்லை.

இதனால் எவ்வளவு இழப்பு? ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஐம்பது சதுர மீட்டர் கூரையும், ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழையும் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதாயிரம் லிட்டர் ஆகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 32,000 லிட்டர் மிஞ்சும். நாளுக்கு 500 லிட்டர் செலவழிக்கும் குடும்பத்துக்கு அது இரண்டு மாதத்துக்கு மேல் வரும். இந்த நீர் இப்போது சாக்கடையில் கலந்து, அதே அழுக்கோடு ஆற்றுக்குப் போகிறது. நகரத்தான் தன் கூரை நீரைத் தரைக்குள் இறக்கினால் கடைமடைக்காரனுக்கு நட்டமில்லை.

இனி, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரனுக்கு இத்தனை கடமை விதித்த அரசு தனக்கு என்ன விதித்துக்கொண்டது? கூரை நீரைச் சேர்ப்பது குழி; ஊர் நீரைச் சேர்ப்பது குளம். சென்னையில் வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடம் முன்பு நுங்கம்பாக்கம் ஏரி. அவ்வளவு தூரம் போவானேன்? நம் நெல்லையின் புதிய பேருந்து நிலையம் இருக்கும் இடத்துக்குப் பெயரே வேய்ந்தான்குளம். குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் ஒரு சட்டம் வந்ததும் உண்மையே. ஆனால் குடிசை போட்டவனிடம் சுறுசுறுப்பாக நடக்கும் அச்சட்டம், அரசுக் கட்டடத்தின் வாசலில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்கிறது.

இதைவிட வேடிக்கை ராஜஸ்தானில் நடந்தது. ஆல்வார் மாவட்டத்தில் லாவா கா பாஸ் என்னும் சிற்றூரில் மக்கள் தாமே மண் சுமந்து, மழைநீரைத் தேக்க ஓர் அணை கட்டினார்கள். அதை இடிக்கச் சொல்லி 2001இல் மாநில நீர்ப்பாசனத் துறை உத்தரவிட்டது. மக்கள் எழுந்து நின்று தடுத்தார்கள். சேர்க்காதவனையும் தண்டிப்போம், சேர்த்தவனையும் தண்டிப்போம் என்றால் குடிமகன் எங்கே போவான்?

குழி தோண்டாத வீட்டின் குடிநீர்க் குழாயைத் துண்டிக்கலாம் என்றால், நீர்வரத்துக் கால்வாயை மறித்துக் கட்டிய அலுவலகத்தின் குழாயையும் துண்டிக்க வேண்டும். குளத்தைத் தூர் எடுக்காத துறையின் பெயரை அக்குளக்கரையிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும். இதைக் கேட்கும் ஆசிரியப் பெருமக்கள், இளரத்தம் பேசுகிறது என்று புன்னகை செய்யலாம். சொத்துவரியோடு அபராதம் கட்டும் ஒரு வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் புன்னகை செய்யமாட்டார்.

'2023 டிசம்பரில் ஊரே மூழ்கியதே, அப்போது உன் குழி என்ன செய்திருக்கும்?' என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்தப் பகுதி ஓர் ஆண்டில் காணும் மழையைவிட அது அதிகம். அதற்கு முன் வீட்டுக் குழி எம்மாத்திரம்? வெள்ளத்தை வாங்கிப் பகிர்ந்து கொள்ள வேண்டியவை குளங்களும் ஓடைகளுமே. அவற்றின் கரைகள் பல இடங்களில் அன்று உடைந்தன. ஆகவேதான் கூரையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும் சட்டம் போதாது என்கிறேன்.

முதலில் நம் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். நம்முடையதும் அரசுக் கட்டடந்தான். முதன்மைக் கட்டடத்திலும் விடுதியிலும் மாடியிலிருந்து இறங்கும் குழாய்கள் எத்தனை, அவற்றில் குழியில் முடிபவை எத்தனை, வராந்தாவை ஒட்டிச் சும்மா ஊற்றுபவை எத்தனை? நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இதை எண்ணி எழுதிவிடலாம். ஐப்பசி மழைக்கு முன் மணலை அள்ளிக் கழுவிப் போடுவது இரண்டு நாள் வேலை. எப்படிச் செய்வது என்று காட்டித் தர என் தகப்பனார் கூலி வாங்காமல் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல்வர் அவர்கள் அனுமதி தர வேண்டும்.