சத்தம் சக்தி ஆகாது



கம்பெனி ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆயிரக்கணக்கில் கொட்டி 'பெர்ஃபாமன்ஸ்' ஃபில்டர் மாட்டுவது வீண் செலவு. சல்லடைக் கண் பெரிதானால் மாவு சீக்கிரம் விழும். தவிடும் சேர்ந்தே விழும். வாலாஜாபாத் சாலையில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போகிற நமக்குத் தூசியைத் தடுப்பதுதானே முக்கியம்?

திறந்த கூம்பு ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே இழுக்கும். அதில் ஆக்சிஜன் குறைவு. பிறகு சக்தி எங்கிருந்து வரும்? கூடுவது சத்தம்தான்.

மைலேஜ் கூடுமாம்! அடைத்துப்போன ஃபில்டர்கூட இக்கால பெட்ரோல் கார்களின் மைலேஜைப் பெரிதாகக் குறைப்பதில்லை என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-இலேயே சோதித்துச் சொல்லிவிட்டது.

பந்தயம் ஓட்ட இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது. முகூர்த்த நாளில் இரண்டாவது கியரே போட முடியாத காந்தி ரோட்டில் இது எதற்கு?

கம்பெனி ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். அது போதும்.