பதினெட்டு வயதுக்குப் பின் யார் துணை?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிவீடு ஒன்றில், தந்தை குழியில் கால் இறக்கிக் கோர்வைச் சேலை நெய்ய, அறிவு வளர்ச்சி குன்றிய மகன் அருகில் அமர்ந்து தார் சுற்றிக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். தறியோசையும் வேளைக்குச் சோறும் மாறாதவரையில் சாந்தமாக இருக்கும் அப்பிள்ளை, ஒரு நாள் திடீரென்று தலையைச் சுவரில் மோதிக்கொண்டு, தடுக்க வந்த தாயையும் அடிப்பானாகில், ‘முற்றிவிட்டது, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்’ என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்களேயன்றி, சொத்தைப் பல்லோ காதுவலியோ மலச்சிக்கலோ, வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஏதேனும் ஓர் உபாதை அவனை வதைக்கிறதா என்று விசாரிப்பவர் அரிது.

அக்கம்பக்கத்தார் எண்ணுவது போலன்றி, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறிவுக் குறைபாட்டை மனநோயாகக் கருதுவதில்லை. அது நியாயமே. ஆயினும் அக்குறைபாடு உள்ளவர்களுக்கும் மனநோய் வரும், பிறரைக் காட்டிலும் அதிகமாகவே வரும் என்பதால், அந்த விலக்கைக் காட்டி அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவது அக்கிரமம்.

அதே சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தால் பெரியவர்களிடமிருந்து பிரித்தே வைக்க வேண்டும் என்றும், பெற்றோரோ அவர்கள் நியமிப்பவரோ சிகிச்சை முடியும்வரை உடன் தங்க வேண்டும் என்றும், சிறுமியானால் பெண் துணையே இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. அருமையான ஏற்பாடு, ஆனால் பதினெட்டாவது பிறந்தநாளோடு முடிந்துவிடுகிறது. பத்தொன்பது வயதிலும் ஐந்து வயதுப் பிள்ளையைப் போல் தாயின் முந்தானையைப் பற்றிக்கொள்கிறவனை, முகமறியாதோர் நிறைந்த வார்டில் தனியே விட்டால், கலக்கம் தணியுமா, பெருகுமா? பிறந்த தேதியைப் பார்க்கும் சட்டம், பிள்ளையையும் சற்றுப் பார்த்திருக்கலாம். துணைக்கு ஆளில்லாத இடத்தில் கயிறும் சங்கிலியும் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகக் கொட்டகைத் தீயில் சங்கிலியோடு கருகி மாண்ட 28 பேரை நாம் மறப்பதற்கில்லை.

ஆகவே, அறிவுக் குறைபாடு உள்ளவருக்கு எவ்வயதிலும் துணையாள் உடன் தங்கும் உரிமையைச் சட்டமாக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் கோர்வைத் தறிக்கு நெய்பவர் ஒருவர், பக்கத்தில் கரை நாடா போட ஒருவர் என இருவர் வேண்டும். தாய் கீழ்ப்பாக்கம் போனால் தறி நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். துணையிருப்பவருக்கு அந்த நாள்களின் கூலியை அரசு ஈடுசெய்து, காஞ்சிபுரம் தலைமை மருத்துவமனையிலேயே இவர்களுக்கென்று நாலைந்து கட்டில்களையும் ஒதுக்கினால், தாயும் தந்தையும் முறை வைத்துப் பிள்ளையின் பக்கத்தில் இருக்கலாம்.