வர்ணம் கடைசியில் வரட்டும்

பழைய மோட்டார் வண்டியொன்றைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே புதுப்பிக்க விரும்புகிறவர்கள், எந்த வர்ணம் பூசுவது என்ற யோசனையோடுதான் பெரும்பாலும் அந்தக் காரியத்தில் இறங்குகிறார்கள் என்பதும், அந்த ஆசையின் வேகத்தில் வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிற வேலையைக் கைநழுவ விட்டுவிடுகிறார்கள் என்பதும் எனக்கு நெடுநாளாக வருத்தம் தரும் விஷயம். வர்ணம் கடைசியில் வர வேண்டியது. நாம் செலவிடும் காலத்திலும் சிரத்தையிலும் அதற்குரிய பங்கு மிகச் சிறியது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி உருவம் வகுத்துத் தந்து, 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று வெளிவந்த அந்த வண்டி, 1961 முதல் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் தயாராகி, பின்னாளில் இங்கிலாந்திலேயே இல்லாத நான்கு கதவு வடிவத்தையும் இங்கே பெற்றது. மற்றக் கம்பெனிகள் சேஸிஸும் உடலும் ஒன்றான வண்டிகளுக்கு மாறிக்கொண்டிருந்த அக்காலத்தில், தங்களுக்கு உடற்பகுதிகள் செய்து தந்த பிஷர் அண்டு லட்லோ 1953-இல் போட்டியாளரான பி.எம்.சி.யின் கைக்குப் போய்விட்டமையால், தனிச் சேஸிஸின் மேல் தனித்தனிப் பாகங்களை போல்ட் போட்டு இணைக்கும் பழைய முறைக்கே ஸ்டாண்டர்டு-டிரையம்ப்காரர்கள் திரும்ப நேர்ந்தது. அன்று நிர்ப்பந்தமாக வந்த அந்த முறை, வீட்டில் வேலை செய்கிறவனுக்கு இன்று பெரும் அனுகூலம். மட்கார்டுகளோடு ஒரே பாகமாக முன்புறம் சாய்ந்து திறக்கும் பானெட்டையும், கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கத் தகடுகளையும் அவன் ஸ்பானரைக் கொண்டே கழற்றி, ஒவ்வொன்றாகத் திண்ணையில் வைத்துப் பார்க்கலாம்.

அப்படிப் பார்க்கும்போதுதான் துருவின் வழி புலப்படும். ஜன்னல் கண்ணாடியை ஒட்டி உள்ளே இறங்கும் மழைநீர் வடிவதற்குக் கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் உண்டு. புழுதியும் காய்ந்த இலையும் அவற்றை அடைத்துக்கொள்ள, உள்ளே தங்கிய ஈரம் தகட்டை மெல்ல மெல்லத் தின்று, வெளிப்புற வர்ணத்தில் கடுகளவு கொப்புளமாகத் தலைகாட்டுகிறது. அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் சில சமயம் விரலே உள்ளே போய்விடும். கடற்காற்றில் பல வருஷம் நின்ற வண்டியானால், சேஸிஸிலிருந்து இருபுறமும் நீண்டு உடலைத் தாங்கும் இரும்புகளும் இதே கதியை அடைந்திருக்கும். இந்நிலையில் பள்ளம் நிரப்பும் பசையான பட்டியை அப்பித் தேய்த்து, மேலே டூகோ என்னும் வர்ணத்தை அடித்து அனுப்பிவிடும் வழக்கம் வேரூன்றிப் போயிருப்பதற்கு, தகட்டு வேலை செய்யும் டிங்கரைவிட, பளபளப்பைக் கண்டே பணத்தை எண்ணிக் கொடுக்கிற நாமே அதிகப் பொறுப்பாளிகள். துணியில் சுற்றிய காந்தம் ஒன்றைத் தகட்டின்மேல் நகர்த்திப் பாருங்கள். பட்டி கனத்த இடத்தில் அது பிடிப்பிழந்து நழுவிவிடும்.

செய்யத்தக்கது, நல்ல இரும்பு தென்படும் வரையில் துருவேறியதை வெட்டி அகற்றி, அதே கனமுள்ள தகட்டை வளைத்துப் பொருத்துவதுதான். வெல்டிங்கின் உஷ்ணத்தில் மெல்லிய தகடு நெளிந்துவிடுமாதலால், ஒரே ஓட்டமாகப் பற்றவைக்காமல், இங்கொரு புள்ளியும் அங்கொரு புள்ளியுமாக வைத்து, ஆறவிட்டுத் தொடர வேண்டும். நெளிந்ததை உட்புறம் டாலி என்னும் இரும்புக் கட்டியை அணைத்து, வெளிப்புறம் சுத்தியலால் தட்டி நேராக்கும் வித்தை ஏட்டைப் படித்து வருவதன்று. முதிய டிங்கர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து, கூலியோடு குருதட்சிணையும் கொடுத்து, அருகிலிருந்து கற்பதே உத்தமம். பேசிக்கொண்டே உள்ளங்கையைத் தகட்டின்மேல் ஓட்டி, நம் கண்ணுக்குத் தெரியாத மேட்டை அவர் விரலால் சுட்டிக்காட்டும் அந்த ஞானம் அவரோடு போய்விடக் கூடாது. பட்டிக்கும் ஒரு ஸ்தானம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. தட்டி நேராக்கிய பிறகும் எஞ்சுகிற மெல்லிய பள்ளத்தை நிரப்புவதோடு அதன் கடமை முடிந்தது. அதையும் தண்ணீர் விட்டுத் தேய்க்காமல் உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், ஏனெனில் பட்டி உறிஞ்சிய நீர் ப்ரைமருக்கு அடியில் மறுபடியும் துருவை வளர்க்கும்.

வர்ணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் போதும். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இக்காலத்துப் பெயின்டுகளிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. அதை வீட்டில் அடிக்கவே கூடாது. தக்க பட்டறையில் கொடுப்பதே விவேகம். டூகோவை, அடுப்பும் நெருப்பும் அருகில் இல்லாத காற்றோட்டமான இடத்தில், ஆவியைத் தடுக்கும் முகமூடியோடு அடிக்கலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையின் ஈரக்காற்றில் அடித்தால் மேற்பரப்பு வெளுத்துப் போகும். தொழிற்சாலையில் பூசிய அசல் வர்ணம் ஓரளவேனும் மிஞ்சியிருக்குமானால், மங்கியிருந்தாலும் அதைச் சுரண்டாமல் காப்பாற்றுவது எல்லாவற்றிலும் மேல்.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021-இல் மத்திய அரசு வகுத்த பதிவு விதிகள், சேஸிஸும் உடற்கூடும் எஞ்சினும் பெரிய மாறுதலுக்கு உட்படாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றன. ஹெரால்டுகள் யாவும் இன்று அந்த வயதைக் கடந்தவை. சட்டம் இவ்வளவு தூரம் வந்தபின், பழைய வண்டிகளின் கண்காட்சியில் பரிசு வழங்கும் நடுவர்களும், பானெட்டில் தங்கள் முகம் தெரிகிறதா என்று பார்ப்பதை விட்டு, கதவைத் திறந்து குனிந்து, அந்த அடிவிளிம்பின் துளைகள் திறந்திருக்கின்றனவா, அங்கே உள்ளது இரும்பா பட்டியா என்று பார்த்து மதிப்பெண் இடுவார்களாக.