புது வைஃபை 7 ரவுட்டர்: எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேளுங்கள்!

மாலை ஏழு மணி. ஹாலில் கிரிக்கெட் லைவ் ஓடுகிறது. உள் அறையில் ஆபீஸ் மீட்டிங். இன்னொருவர் மொபைலில் இருக்கும் கல்யாண வீடியோவை கிளவுடில் ஏற்ற ஆரம்பிக்கிறார். அடுத்த நிமிடமே மீட்டிங்கில் குரல் வருகிறது: "உங்க வாய்ஸ் பிரேக் ஆகுது, திரும்பச் சொல்லுங்க!" மீட்டிங் முடிந்ததும் ஸ்பீடு டெஸ்ட் போட்டால், பிளானில் சொன்ன வேகம் அப்படியே வருகிறது. அப்புறம் ஏன் திக்கியது? பலருக்கும் முதலில் தோன்றுவது, "ரவுட்டர் பழசாயிடுச்சு, வைஃபை 7 வாங்கிடலாமா?" என்பதுதான்.

வாங்கலாம். ஆனால், பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்கினால் மீட்டிங் மறுபடியும் திக்கும். ஒரு ரவுட்டரை நல்ல ரவுட்டர் ஆக்கும் விஷயங்கள் பெரும்பாலும் அந்தப் பெட்டியில் அச்சாவதே இல்லை. இதைப் புரிந்துகொள்ள, வரப்போகும் ஒரு ரவுட்டரின் கதை நன்றாக உதவும்.

யார் செய்யும் ரவுட்டர் இது?

'ஓபன் டபிள்யூஆர்டி' என்பது ரவுட்டர்களுக்கான இலவச, திறந்த மூல இயங்குதளம். லினக்ஸ் அடிப்படையிலானது. கம்பெனி கொடுத்த மென்பொருளை எடுத்துவிட்டு இதைப் போட்டுக்கொள்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இருபது வருடங்கள் அடுத்தவர் செய்த ரவுட்டர்களுக்கு மென்பொருள் எழுதிய இந்தக் குழு, 2024 ஜனவரியில் "நாமே ஒரு ரவுட்டரை வடிவமைப்போமே" என்று அறிவித்தது. அந்த வருடக் கடைசியில் 'ஓபன் டபிள்யூஆர்டி ஒன்' விற்பனைக்கு வந்தது. தயாரிப்பு, பனானா பை. விலை 89 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 7,500 ரூபாய். விற்கும் ஒவ்வொன்றுக்கும் 10 டாலர் இந்தத் திட்டத்துக்கே நன்கொடையாகப் போகிறது.

அடுத்து 'டூ'. 2025 தொடக்கத்தில் பேசப்பட்ட திட்டப்படி இது வைஃபை 7 ரவுட்டர். தயாரிப்பு, ஜிஎல் ஐநெட் நிறுவனம். சிப், மீடியாடெக்கின் எம்டி7988. விலை இலக்கு சுமார் 250 டாலர், அதாவது நம் பணத்தில் 20,000 ரூபாய்க்கும் மேல். இவ்வளவு கொடுத்து வாங்கும் பொருளிடம் எதை எதிர்பார்க்க வேண்டும்?

பெட்டியில் இருக்கும் எண் என்ன சொல்கிறது?

'ஏஎக்ஸ் 3000' என்று எழுதிய ரவுட்டர் 3,000 எம்பிபிஎஸ் கொடுக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டின் 574, 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டின் 2,402 இரண்டையும் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்டிருக்கிறார்கள். இரண்டுமே ஏட்டளவிலான உச்ச வேகம். வைஃபை 6 போன் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இணையும். நடுவில் ஒரு செங்கல் சுவர் வந்தால் இன்னும் குறையும்.

வைஃபை 7 ஒரே நேரத்தில் இரண்டு பேண்டுகளைப் பயன்படுத்தக்கூடியது. 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலும் உண்டு. ஆனால், அந்த அகலச் சேனலுக்கு 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேண்டும். அமெரிக்கா 2020-லேயே 1,200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. இந்தியாவில் 2025 மே மாதம் வந்த வரைவு விதிகள், வீட்டுக்குள் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 5,925 முதல் 6,425 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 500 மெகாஹெர்ட்ஸை மட்டுமே ஒதுக்கின. அதற்குள் 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் ஒன்றுதான் அடங்கும். அபார்ட்மென்டில் பக்கத்து வீட்டுக்காரரும் வைஃபை 7 வாங்கினால், அந்த ஒரே சேனலை ரெண்டு பேரும் பங்குபோட வேண்டியதுதான்.

மீட்டிங் திக்கியதற்கு யார் காரணம்?

கல்யாண வீடியோ அப்லோடு ஆகும்போது, வெளியே போகும் பாதை நிரம்பி டேட்டா வரிசையில் நிற்கிறது. மீட்டிங்கின் குட்டிக்குட்டி டேட்டா பாக்கெட்டுகளும் அந்த நீண்ட வரிசையின் கடைசியில் போய் நிற்கின்றன. டோல்கேட்டில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்ட மாதிரி. ஸ்பீடு டெஸ்ட் மொத்த வேகத்தைத்தான் காட்டும். இந்தக் காத்திருப்பை எல்லா டெஸ்டும் காட்டாது.

இதற்குத் தீர்வு, வரிசையைப் புத்திசாலித்தனமாக நிர்வகிக்கும் மென்பொருள். ஓபன் டபிள்யூஆர்டியில் அது இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டையும் பார்த்து வரிசைப்படுத்துவதால், இதற்கு ரவுட்டரின் ப்ராசஸர் நன்றாக உழைக்க வேண்டும். 'ஒன்' ரவுட்டரில் இருப்பது இரண்டு கோர் ப்ராசஸர். 'டூ'வுக்குத் திட்டமிட்ட சிப்பில் அதைவிட வலுவான நான்கு கோர்கள். அந்தச் சிப் 10 கிகாபிட் கேபிள் வேகத்துக்கும் தாங்கும். விளம்பரத்தில் 10 கிகாபிட்தான் பெரிதாக வரும். ஆனால், 100, 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கும் வீட்டில் அதற்கு வேலையே இல்லை. நிஜமாகப் பயன்படப்போவது அந்த ப்ராசஸர்தான்.

எதை விடுவது, எதை வைப்பது?

'ஒன்' வந்தபோது பலரும் குறை சொன்னார்கள். "கேபிள் போர்ட் ரெண்டே ரெண்டுதானா? யுஎஸ்பி 3 கூட இல்லையா?" இரண்டுமே தெரிந்து எடுத்த முடிவுகள். கூடுதல் போர்ட் வேண்டுமென்றால் தனியாக ஒரு ஸ்விட்ச் சிப் போட வேண்டும், விலை ஏறும். அந்த ரவுட்டரின் சிப்பில் யுஎஸ்பி 3-ம், எஸ்எஸ்டி பொருத்த உதவும் பிசிஐஇ-யும் ஒரே பாதையைப் பகிர்கின்றன. ஒன்றை எடுத்தால் இன்னொன்று கிடையாது. அவர்கள் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எதில் கை வைக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ரேம் 1 ஜிபி. அதோடு போர்டில் ஒரு சின்ன ஸ்விட்ச். அப்டேட் செய்யும்போது கரண்ட் போய் மென்பொருள் கெட்டுவிட்டால், சாதாரண ரவுட்டர் செங்கல் மாதிரி ஆகிவிடும். இதில் தனியாக, சுலபத்தில் அழியாதபடி பூட்டிவைத்த இன்னொரு மெமரி இருக்கிறது. ஸ்விட்சைத் தள்ளினால் அதிலிருந்து இயங்கும். பென்டிரைவ் வைத்து உயிர்ப்பித்துவிடலாம். அவ்வளவுதான். சில ரூபாய்ப் பொருள், ஆனால் ரவுட்டரைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றுகிறது.

மெமரியில் மிச்சம் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் குழுவின் பூர்வ கதையே சாட்சி. 2002 கடைசியில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரில் லினக்ஸ் இருப்பது தெரியவந்து, உரிம விதிப்படி அதன் மூல நிரல் வெளியிடப்பட்டது. ஓபன் டபிள்யூஆர்டி பிறந்ததும், பெயர் வந்ததும் அதிலிருந்துதான். ஆனால், 2005-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஃபிளாஷ் 2 எம்பி, ரேம் 8 எம்பி என்று பாதியாகக் குறைத்தார்கள், லினக்ஸையும் எடுத்துவிட்டார்கள். பார்க்க அதே நீலக் கறுப்புப் பெட்டி, அதே பெயர். அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் படித்தவருக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

அப்டேட் நின்றால் என்ன ஆபத்து?

"ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று விட்டுவிடுவதில்தான் பிரச்சினை. 2016-ல் மிராய் என்ற வைரஸ், மாற்றப்படாத பாஸ்வேர்டு கொண்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துப் பெரிய இணையதளங்களையே முடக்கியது. 2025 மே மாதம், அப்டேட் நின்றுபோன பழைய ரவுட்டர்களைக் குற்றவாளிகள் கைப்பற்றி, தங்கள் அடையாளத்தை மறைக்கப் பயன்படுத்துகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. அந்த வீட்டுக்காரர்களுக்கு நெட் வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருக்கும். குற்றம் நடந்த இடமாகப் பதிவாவது அவர்களின் ஐபி முகவரி.

சில நாடுகள் விழித்துக்கொண்டன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், பாதுகாப்பு அப்டேட் எவ்வளவு காலத்துக்கு வரும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டம், 2027 டிசம்பரில் முழுமையாக அமலாகும்போது, பொதுவாகக் குறைந்தது ஐந்து வருட ஆதரவைக் கட்டாயமாக்கும். இந்தியக் கடைகளில் விற்கும் பெட்டிகளிலும் உற்பத்தித் தேதி மாதிரியே 'அப்டேட் முடியும் தேதி' அச்சாக வேண்டும்.

'டூ' எப்படி இருந்தால் நல்லது?

அந்த மீட்பு ஸ்விட்சை எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது. மெமரியில் கஞ்சத்தனம் கூடாது. வேகமான சிப் சூடாகும்; நம்மூர் மே மாத வெயிலில், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் காற்றே இல்லாத மூலையில் தாக்குப்பிடிக்கும்படி வடிவமைக்க வேண்டும். பவர் விஷயத்திலும் கவனம் தேவை. 'ஒன்' ரவுட்டருக்கு யுஎஸ்பி சி வழியாக 12 வோல்ட் வேண்டும். கரண்ட் கட்டுக்காக இங்கே பல வீடுகளில் வைத்திருக்கும் மினி யுபிஎஸ்ஸில் இருப்பதோ பழைய உருண்டை பின். சாதாரண பின்னுக்கும் ஓர் இடம் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இதில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. "எல்லாராலும் ஓபன் டபிள்யூஆர்டி எல்லாம் போட்டுக்கொண்டிருக்க முடியுமா?" முடியாது, தேவையும் இல்லை. 20,000 ரூபாய் ரவுட்டர் எல்லா வீட்டுக்குமானதும் அல்ல. ஆனால், அதிக மெமரி, மீட்பு ஸ்விட்ச், திறந்த மென்பொருள் மூன்றையும் 89 டாலருக்குள் ஒரு தன்னார்வக் குழுவால் தர முடிந்திருக்கிறது. "செலவு கட்டுப்படியாகாது" என்று பெரிய நிறுவனங்கள் இனி சொல்வது எடுபடாது.

எனவே அடுத்த முறை ரவுட்டர் வாங்கும்போது, ஜிபிபிஎஸ் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். அப்டேட் எந்த வருஷம் வரை வரும்? ரேம் எவ்வளவு? மென்பொருள் கெட்டால் நாமே சரிசெய்ய முடியுமா? கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் போகலாம். தயாரிப்பாளரின் இணையதளத்திலும் பதில் இல்லையென்றால், அந்தப் பெட்டியைத் திரும்ப ஷெல்ஃபிலேயே வைத்துவிடலாம்.