பழைய காரும் பாட்டாளியும்



"பார்த்தீரா, நம் ஆள் கார் வாங்கிவிட்டான்! இனி அவன் எங்கே சங்கத்துக்கு வரப்போகிறான்?"

அண்மையில் ஒரு கிளைக் கூட்டத்தின் வாசலில் நம் காதில் விழுந்த பேச்சு இது. கேலிதான், ஆனால் கேலிக்குள்ளே ஒரு முள்ளும் இருந்தது. பேச்சுக்கு ஆளான தோழர் யார்? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் எந்திரத்தின் முன்னே பத்தொன்பது ஆண்டுகள் நின்று கால் வீங்கியவர். அவர் வாங்கியது என்ன? 2010ஆம் ஆண்டு மாடல். அவருக்கு முன் இருவர் ஓட்டித் தீர்த்த நடுத்தரக் குடும்பக் கார். எதற்கு வாங்கினார்? வாரம் மூன்று நாள் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகவேண்டிய தாயார் வீட்டிலே. ஆட்டோவுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்த பிறகு, சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கினார். இதுவா சீமான் வாழ்வு? இதுவா வர்க்கம் மாறிய கதை?

கார் என்றதும் சீமான் என்று நினைக்கும் பழக்கம் நமக்கு எப்படி வந்தது? காரணம் உண்டு. ஒரு காலத்தில் இந்த நாட்டில் கார் என்றால் மூன்றே மூன்று. வங்காளத்து உத்தர்பாராவிலிருந்து அம்பாசிடர், பம்பாய் குர்லாவிலிருந்து பியட், நம் வண்டலூரிலிருந்து ஸ்டாண்டர்டு. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மில் முதலாளியும் மிராசுதாரும் ஏறினார்கள். மற்றவர்கள் புழுதியை வாங்கிக்கொண்டார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 2014இல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றது. காலம் மாறிவிட்டது, நம் கண்ணோட்டம் மட்டும் அம்பாசிடரின் பின் இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கலாமா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். காரைச் செய்பவர் யார்? இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உருண்டு வருகின்றன. மறைமலைநகர் போர்டு தொழிற்சாலையில் 2022 வரை உருண்டு வந்தன. பிறகு கதவடைத்தார்கள், தொழிலாளி வீதிக்கு வந்தான். கதவைப் பொருத்தியவன் அவன், வண்ணம் பூசியவன் அவன், திருகாணி முடுக்கியவன் அவன். அப்படி அவன் கையால் பிறந்த கார், பணக்காரர் வீட்டில் ஐந்தாண்டு, உத்தியோகஸ்தர் வீட்டில் ஏழாண்டு என்று சுற்றிவிட்டு, மூன்றாம் கையாக அவனிடமே திரும்பி வருகிறது. நெய்தவனுக்குக் கந்தல் என்ற பழைய நியாயம்தான் இது. அந்தக் கந்தலுக்கும் வரி கேட்கிறார்கள் என்பதுதான் இன்றைய சங்கதி!

கணக்கைப் பாருங்கள். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். எட்டு மடங்குக்கும் மேல்! 2025 ஆகஸ்டில் மீண்டும் கை வைத்தார்கள்: 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ரூபாய்.

2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் இன்னொரு காரியம் செய்தது. பழைய கார் வியாபாரி சிறிய காரை விற்றால் அவருடைய லாபத்தின் மீது 12 சதவிகிதமாக இருந்த வரியை, பெரிய காருக்குரிய 18 சதவிகிதத்துக்கே உயர்த்திவிட்டது. லாபத்தின் மீதுதானே என்பார்கள். உண்மை, விலை முழுவதன் மீதும் அல்ல. ஒரு தனி மனிதர் இன்னொருவருக்கு நேரே விற்றால் இந்த வரி இல்லை என்பதும் உண்மை. ஆனால் கடைக்காரர் அந்த வரியைத் தம் சட்டைப்பையிலிருந்தா கட்டுவார்? வாங்குகிறவன் தலையில்தானே வைப்பார்!

இதே டில்லி, 2025 செப்டம்பர் 22 முதல் புதுக் கார்களின் வரியைக் குறைத்தது. சிறிய காருக்கு 18 சதவிகிதம், அதை வரவேற்கிறோம். ஆனால் பெரிய சொகுசு வண்டிகளுக்கும் சேர்த்துக் குறைத்தார்கள். செஸ் உட்பட 50 சதவிகிதம் வரை இருந்தது 40 ஆயிற்று. அரைக்கோடி ரூபாய் வண்டி வாங்குகிறவருக்கு லட்சக்கணக்கில் மிச்சம். இருபதாண்டுக் காரை ஒட்டிப் பிழைக்கிறவனுக்கு ஐயாயிரம் கூடுதல். ஒரு மாத இடைவெளியில் இரண்டும் நடந்தன. இதற்குப் பெயர் சமநீதியா?

"பழைய வண்டி புகை கக்குகிறதே, காற்று கெடுகிறதே?" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்வோம். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவன் சாலையோரக் குடிசைக்காரன். ஆகவே புகைக்கு நாம் வக்காலத்து வாங்கமாட்டோம். புகை விடும் வண்டியைப் பிடியுங்கள், பழுது பார்க்கச் சொல்லுங்கள், திருந்தாவிட்டால் நிறுத்துங்கள். ஆனால் அளக்க வேண்டியது புகையை, வயதை அல்ல. எண்ணெய் மாற்றி, எஞ்சினைக் கண்ணாகப் பார்த்துக்கொள்ளும் பதினெட்டு வயதுக் காரும் உண்டு. பராமரிப்பே இல்லாத எட்டு வயதுக் காரும் உண்டு. டில்லியில் 2025 ஜூலை 1 முதல், 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் பங்கில் எண்ணெய் இல்லை என்று உத்தரவிட்டார்கள். மக்கள் கொதித்தார்கள், சில நாட்களில் உத்தரவை நிறுத்தி வைத்தார்கள். வயதைக் கொண்டு அடிக்கும் அடி யார் முதுகில் விழுகிறது என்பது அப்போது ஊருக்கே தெரிந்தது.

ஆட்சியைக் கேட்பது ஒருபுறம். நாம் ஏமாறாதிருப்பது மறுபுறம். பழைய கார் வாங்கும் தோழர்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலாவது, பெயர் மாற்றம். காரை விற்கும் தோழரே, பணத்தை எண்ணி வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்! படிவம் 29, படிவம் 30 இரண்டும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அதே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும். வாங்குகிறவர் 30 நாளில் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால்? 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி பல கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி. முன்பின் தெரியாத எவனோ ஓட்டி மோதிய வண்டிக்கு உம் வீடு போகலாம். வாங்குகிறவர் இன்ஷூரன்சையும் 14 நாளில் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, பளபளப்பைப் பார்த்து மயங்காதீர். கிலோமீட்டர் முள்ளைத் திருப்பிவைக்கத் தெரிந்த தரகர்கள் உண்டு. தேய்ந்துபோன மிதிகட்டை ரப்பர் மட்டும் பொய் சொல்லாது. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. எஞ்சின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, விட்டு விலகுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் வெள்ளத்தில் மூழ்கின என்பதை நாம் கண்ணாலே கண்டோம். அவற்றில் பல கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சேறும், இருக்கையின் அடியில் துருவும் உண்மையைச் சொல்லும். பத்து வார்த்தை பேசும் தரகரைவிட, நாம் நம்பும் ஒரு மெக்கானிக்கின் தலையசைப்பு மேல்.

மூன்றாவது, கடன். புதுக் காருக்குக் கொடுப்பதைவிடப் பழைய காருக்குக் கொடுக்கும் கடனில் பெரும்பாலும் வட்டி அதிகம். வண்டி விலையோடு செலவு நிற்பதும் இல்லை. பிரேக், டயர், பேட்டரி, கிளட்ச் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். இருக்கை உறையும் பாட்டுப்பெட்டியும் பிறகு. பிரேக்கும் டயரும் முன்பு. குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டி அது!

இவ்வளவும் சொன்ன பிறகு, வீட்டுக்கு வீடு கார் வேண்டும் என்பதா நம் கொள்கை? அல்ல. நேரத்துக்கு ஒரு பஸ், தாழ்ந்த படியோடு, நோயாளியும் ஏறும்படி, ஆஸ்பத்திரி வாசலில் நிற்குமானால் அந்த அம்பத்தூர்த் தோழர் சீட்டுப் பணத்தை மகள் படிப்புக்கு வைத்திருப்பார். பஸ் வராத தெருவில்தான் பழைய கார் பிறக்கிறது. ஆகவே நாம் கேட்பவை மூன்று. புதுப்பிப்புக் கட்டணத்தைக் குறை! வயதைப் பாராதே, புகையையும் பிரேக்கையும் சோதி! தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் பஸ்ஸைக் கூட்டு!

கேலி செய்த தோழர்களுக்கு ஒரு செய்தி. அன்று இரவு கூட்டம் முடிந்தபோது மழை. கடைசி பஸ் போய்விட்டிருந்தது. கேலி பேசிய நால்வரையும் அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டது அதே பழைய கார்தான். அடுத்த கூட்டத்துக்கும் அவர் வருவார். நாமும் வருவோம், இந்த மூன்று கோரிக்கையையும் தீர்மானமாக்குவோம்!